பதினெட்டுப் பேர் திரும்பி வந்தார்கள்

அக்கா யார், தங்கை யார் என்று ஊரே குழம்புமாம்; அப்படி ஒரே அச்சில் இருந்தார்கள் இருவரும். 1874 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், 11 வயது அக்காவின் கழுத்திலிருந்த கழலையை அறுவை செய்து எடுத்தார்கள். காயம் ஆறியது, தையல் பிரித்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் அது வெற்றி. ஒன்பது ஆண்டு கழித்து இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தபோது தங்கை வளர்ந்த பெண்ணாக நின்றாள். அக்கா குள்ளமாக, முகம் உப்பி, தோல் தடித்து, கேட்ட கேள்விக்கு வெகுநேரம் யோசித்துப் பதில் சொல்பவளாக நின்றாள்.

அறுவை செய்தவர் தியோடர் கோஹர். அந்தக் காலத்தில் கழுத்தில் கத்தி வைக்க அவரைவிடச் சிறந்த கை ஐரோப்பாவிலேயே இல்லை என்று சொல்லலாம். அவருக்கா இப்படி ஒரு பிழை என்று கேட்பதைவிட, அது பிழை என்று அவருக்கே தெரிய ஏன் ஒன்பது ஆண்டு ஆயிற்று என்று கேட்பதுதான் சுவாரசியம்.

ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் அன்று கழுத்துக் கழலை சர்வ சாதாரணம். பனியாறுகள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்விட்ட நிலம் அது. அயோடின் மண்ணில் இல்லை, தண்ணீரில் இல்லை, விளைவதிலும் இல்லை. தைராய்டு சுரப்பிக்கு அயோடின்தான் மூலப்பொருள். சரக்கு வராத தொழிற்சாலை ஆளைச் சேர்த்துக்கொண்டே போவதுபோல, கிடைக்கிற துளியையாவது பிடித்துவிடலாம் என்று சுரப்பி பெருத்துக்கொண்டே போகும். மாங்காய் அளவு, தேங்காய் அளவு என்று வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்தும். அயோடின் கலந்த உப்பு சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்ததே 1922இல்தான். அதுவரை மூச்சுத் திணறியவர்களுக்குக் கத்தி ஒன்றுதான் வழி.

அந்த வழியும் லேசானதில்லை. உடலில் எடைக்கு எடை ரத்த ஓட்டம் மிக அதிகமுள்ள உறுப்புகளில் ஒன்று தைராய்டு. தொட்ட இடமெல்லாம் ரத்தம். வயிற்று அறுவையின் தந்தை என்று போற்றப்படும் தியோடர் பில்ரோத் ஜூரிக்கில் இருந்தபோது கழலை அறுவைகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேரை இழந்தார்; மனம் வெறுத்துப் பல ஆண்டுகள் அந்த அறுவையையே கைவிட்டார். கோஹர் வேறு மாதிரி ஆள். அவசரமே கிடையாது. ஒவ்வொரு ரத்தக்குழாயாகத் தேடிப் பிடித்து, கட்டி, பிறகுதான் வெட்டுவார். கிருமியொழிப்பில் கறாரானவர். அவர் வடிவமைத்த ரத்தக்குழாய்ப் பிடிப்பான் இன்றும் நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர் தட்டுகளில் அவர் பெயரிலேயே கிடக்கிறது. வாழ்நாளில் 5000க்கு மேற்பட்ட தைராய்டு அறுவைகள் செய்தார். கடைசிக் காலத்தில் அவர் கையில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

இவ்வளவு சுத்தமான கை என்பதால்தான் வினையே வந்தது. அது பிறகு.

1882 செப்டம்பரில் ஜெனீவாவில் ஒரு மாநாடு. கழலை பற்றியதல்ல, பொதுச் சுகாதாரம் பற்றியது. அங்கே ஜாக் லூயி ரெவெர்டின் என்ற ஜெனீவா அறுவை மருத்துவர் கோஹரைச் சந்தித்தார். அவரும் அவருடைய உறவினரும் தைராய்டை முழுதாக எடுத்த சிலர், மாதங்கள் கழித்து வெளிறிப்போய், சோர்ந்து, மந்தமாகி வந்திருந்தார்கள். ‘உங்கள் நோயாளிகளில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?’ என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

கோஹருக்குச் சட்டென்று அந்த 11 வயதுச் சிறுமி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காரணம், அவளுடைய ஊர் மருத்துவர் ஃபெட்ஷெரின், அறுவை முடிந்த கொஞ்ச காலத்திலேயே பெண்ணின் குணம் மாறிவிட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தார். அப்போது அது காதில் ஏறவில்லை. ஊர் மருத்துவர் சொன்னது ஒரு பெண்ணின் கதை. ரெவெர்டின் கேட்டபோது அதுவே ஒரு வரிசையின் முதல் எண் ஆகிவிட்டது. ஒரே செய்தி இரண்டாம் முறை, வேறொரு வாயிலிருந்து வரும்போதுதான் அது செய்தியாகிறது.

ஊர் திரும்பிய கோஹர், தம் பழைய நோயாளிகளுக்கு எழுதி மறுபரிசோதனைக்கு அழைத்தார். இந்தக் காரியத்தின் அருமை இன்று நமக்குப் புரியாது. காயம் ஆறிவிட்டால் கணக்கு முடிந்தது என்பதுதான் அன்றைய வழக்கம். பல ஆண்டு கழித்து வரச்சொல்லி ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்கும் பழக்கம் அரிது. பாதி தைராய்டு மட்டும் எடுக்கப்பட்டவர்கள் நன்றாக இருந்தார்கள். முழுதும் எடுக்கப்பட்டவர்களில் 18 பேர் திரும்பி வந்தார்கள். அதில் 16 பேர் அந்தச் சிறுமியைப் போல இருந்தார்கள்.

1883 ஏப்ரலில் பெர்லினில் ஜெர்மன் அறுவை மருத்துவர்களின் கூட்டத்தில் கோஹர் இதை எழுந்து நின்று சொன்னார். நூறு அறுவைகளின் பெருமையைப் பேச வேண்டிய மேடையில் தன் கையால் வந்த கேட்டைப் பேசினார். இனி நல்ல காரணமில்லாமல் தைராய்டை முழுதாக எடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1909இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசைவிட இந்தப் பேச்சுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. முதலில் பார்த்தது யார் என்று ரெவெர்டினுக்கும் அவருக்கும் பிறகு மூண்ட சண்டையைச் சேர்த்துக்கொண்டாலும்கூட.

ஆனால் காரணத்தைக் கோஹர் தவறாகப் புரிந்துகொண்டார். சுரப்பி போனதால் மூச்சுக்குழாய்க்கு ரத்தம் குறைந்து, அது மெலிந்து, காற்று போதாமல் உடல் சீரழிகிறது என்று நினைத்தார். அறுவை மருத்துவரின் மூளை குழாயையும் அடைப்பையும்தான் முதலில் நினைக்கும். ஒரு சதைக்கட்டி ரத்தத்தில் எதையோ கலந்து உடம்பு முழுவதையும் ஆள்கிறது என்ற எண்ணம் அன்று யாருக்கும் பழக்கமில்லை. ‘ஹார்மோன்’ என்ற சொல்லே பிறக்க இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் தைராய்டையே தொடாத ஒருவர். லண்டனில் தொண்டை மருத்துவராக இருந்த ஃபெலிக்ஸ் சேமன், ஜெர்மனியில் பிறந்தவர். அதனால் ஜெர்மன் இதழ்களையும் விடாமல் படிப்பவர். இங்கிலாந்தில் அப்போது மிக்ஸிடிமா என்ற தனி நோய் பேசப்பட்டது: நடுவயதுப் பெண்கள் காரணமில்லாமல் உப்பி, மந்தமாகி, குளிர் தாங்காமல் முடங்குவார்கள். ஆல்ப்ஸில் கிரெட்டினிசம் என்று இன்னொன்று: பிறவியிலேயே வளர்ச்சி நின்ற குழந்தைகள். மூன்றாவது, கோஹரின் பதினாறு பேர். 1883 நவம்பரில் லண்டன் கிளினிக்கல் சங்கத்தில் எழுந்து, இவை மூன்றும் ஒன்றுதான், தைராய்டு வேலை செய்யாததே காரணம் என்றார் சேமன். சபை சிரித்தது.

சிரித்ததோடு நிற்கவில்லை என்பதுதான் அந்தச் சபையின் பெருமை. அடுத்த மாதமே ஒரு குழு அமைத்தார்கள். அறுவை மருத்துவர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பினார்கள்: எத்தனை தைராய்டு எடுத்தீர்கள், முழுதாகவா பாதியா, அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? விக்டர் ஹார்ஸ்லி குரங்குகளுக்குத் தைராய்டை எடுத்துப் பார்த்தார். 1888இல் வந்த அறிக்கை சேமன் சொன்னதே சரி என்றது. ஒரு வேதிப்பொருளையும் கண்டுபிடிக்காமல், கேள்வியும் கடிதமும் கணக்கும் குரங்குச் சோதனையுமாக ஒரு சுரப்பியின் வேலையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நோய் சுரப்பு இல்லாததால் வருவது என்றால், சுரப்பைக் கொடுத்தால் போயிற்று. 1891இல் நியூகாஸிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைராய்டை அரைத்து வடித்து ஊசியாகப் போடலாம் என்று உள்ளூர் மருத்துவர் சங்கத்தில் சொன்னபோது, அப்படியானால் தண்டுவட நோய்க்குத் தண்டுவடத்தை அரைத்துக் கொடுப்பீரோ என்று ஒருவர் கேலி செய்தாராம். மரே போட்டார். முதல் நோயாளி 46 வயதுப் பெண்; சில மாதங்களில் முகத்தின் உப்பல் வடிந்து, பேச்சில் தெளிவு வந்தது. 74 வயது வரை, 1919 வரை வாழ்ந்தார். அந்த 28 ஆண்டில் அவருக்காக 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் பயன்பட்டதாக மரே கணக்குச் சொல்லியிருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போட்டுக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியம்மாக்கள் அந்த ஆட்டு மந்தைக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்.

இப்போது அந்தச் சுத்தமான கைக்கு வருவோம்.

கோஹரிடம் அறுவை செய்துகொண்டவர்கள் உப்பி மந்தமானார்கள் அல்லவா? வியன்னாவுக்குப் போய்விட்ட பில்ரோத்திடம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு அப்படி ஆவது அரிது. அவர்களுக்கு வேறு ஆபத்து: இரண்டொரு நாளில் விரல்கள் மடங்கி இறுகும், கை கால் இழுக்கும், சிலர் அதிலேயே இறந்தார்கள். டெட்டனி என்ற இந்த இழுப்பை, அறுவையின் விளைவாக முதலில் எழுதியவர் பில்ரோத்தின் உதவியாளர் வோல்ஃப்லர், 1879இல். ஒரே அறுவை, இரண்டு ஊர், இரண்டு வெவ்வேறு கேடு. ஏன்?

இந்தப் புதிருக்கு விடை சொன்னவர் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட். இருவரும் அறுவை செய்வதை நேரில் பார்த்தவர் அவர். 1920இல், கழலை அறுவையின் கதையை நீண்ட கட்டுரையாக எழுதியபோது விளக்கினார்: பில்ரோத் வேகக்காரர். சரசரவென்று வெட்டுவார், அங்கங்கே தைராய்டுத் துணுக்குகள் தங்கிவிடும், ஆனால் சுற்றியிருப்பது சேதமாகும். கோஹர் நிதானமாக, சுரப்பியின் உறையை ஒட்டியே போய், சுற்றியிருப்பதைத் தொடாமல் தைராய்டை மட்டும் துளி மிச்சமில்லாமல் எடுப்பார். பில்ரோத் விட்டுவைத்த துணுக்குகள் அவருடைய நோயாளிகளை மந்தத்திலிருந்து காத்தன. கோஹர் தொடாமல் விட்ட சுற்றுப்புறம் அவருடைய நோயாளிகளை இழுப்பிலிருந்து காத்தது. இருவர் கைப்பழக்கத்தையும் அடுத்தடுத்து நின்று பார்த்த மூன்றாவது ஆளுக்குத்தான் இது புலப்பட முடியும். பெர்னிலேயே இருந்திருந்தாலும் தெரியாது, வியன்னாவிலேயே இருந்திருந்தாலும் தெரியாது.

அந்தச் சுற்றுப்புறத்தில் இருந்தவை பாரா தைராய்டு சுரப்பிகள். பெரும்பாலும் நான்கு, ஒவ்வொன்றும் ஒரு மைசூர்ப் பருப்பு அளவு. நிறமோ பக்கத்துக் கொழுப்போடு கலந்துவிடும் மஞ்சள் பழுப்பு. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவை இவைதான். போய்விட்டால் கால்சியம் சரியும், நரம்புகள் கட்டுப்பாடு இழக்கும், தசை இழுக்கும். இவற்றை முதலில் கண்டது மனிதக் கழுத்தில்கூட அல்ல. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849இல் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டை ஒட்டி ஒரு சிறிய மஞ்சள் உருண்டை இருப்பதாக எழுதிவைத்தார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. சுவீடனின் உப்சாலாவில் மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரம் அவற்றை முதலில் நாயிலும், பிறகு 50 மனித உடல்களிலும் தேடிக் கண்டு, 1880இல் சுவீடிய மொழியில் வெளியிட்டார். அதையும் பொருட்படுத்தவில்லை. வோல்ஃப்லர் இழுப்பைப் பற்றி எழுதியதும் சாண்ட்ஸ்ட்ரம் சுரப்பியைப் பற்றி எழுதியதும் ஒரே ஆண்டு இடைவெளியில். இரண்டு தாளையும் ஒருவர் சேர்த்துப் படித்திருந்தால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும். பிரான்சின் க்ளே 1891இல் இவற்றை மறுபடி எடுத்துப் பேசிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

மொழிச் சுவரால் வந்த நஷ்டம் இதோடு முடியவில்லை. கழுத்து அறுவையின் இன்னொரு கிளையிலும் இதே கதை, இருபதாம் நூற்றாண்டின் நடுவில்.

வாய், நாக்கு, குரல்வளைப் புற்றுநோய்கள் முதலில் பரவும் இடம் கழுத்தின் நிணநீர் முடிச்சுகள். ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, அதே நெறிகள்தான். கிளீவ்லாந்தின் ஜார்ஜ் கிரைல் 1906இல், 132 அறுவைகளின் அடிப்படையில், கழுத்தின் ஒரு பக்கத்து நெறிகளை மொத்தமாக ஒரே பொதியாக எடுக்கும் முறையை எழுதினார். பொதியோடு கழுத்தின் பெரிய தசையும், பெரிய சிரையும் போகும். பெரும்பாலும் தோளைத் தூக்கும் நரம்பும் போகும். உயிர் பிழைத்தவர்களின் தோள் தொங்கும். தலை வாரக் கையை உயர்த்த முடியாது. நியூயார்க்கின் ஹேய்ஸ் மார்ட்டின் 1951இல் கூட, அந்த நரம்பை விட்டுவைக்க நினைப்பதே கண்டிக்கத்தக்கது என்ற கட்சி. அவர் சொன்னால் அது சட்டம்.

அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் ஆஸ்வால்டோ சுவாரெஸ் வேறு எண்ணத்தில் இருந்தார். காது மூக்குத் தொண்டை மருத்துவர், உடற்கூறு ஆசிரியரும்கூட. பிணக்கூடத்தில் கழுத்துகளை அறுத்து அறுத்துப் பார்த்தவர். தசைக்கும் சிரைக்கும் தனித்தனி உறை உண்டு. நெறிகள் அந்த உறைகளுக்கு இடையிலுள்ள கொழுப்பில் கிடக்கின்றன. வாழைத்தண்டில் பட்டையை உரிப்பதுபோல உறையோடு உரித்தால் நெறிகள் வந்துவிடும், தசையும் சிரையும் நரம்பும் அப்படியே இருக்கும் என்பது அவர் கண்டது. செய்தும் காட்டினார். 1963இல் எழுதியும் வைத்தார், ஸ்பானிஷில். ஆங்கிலம் மட்டும் படித்த உலகத்துக்கு அது எழுதாததற்குச் சமம். அவரிடம் கண்டு தெரிந்துகொண்ட இத்தாலியின் எத்தோரே பொக்கா 1967இல் ஆங்கிலத்தில் எழுதிய பிறகே முறை பரவியது. வெகுகாலம் அது பொக்காவின் அறுவை என்றே அறியப்பட்டது.

எழுத்தைவிட, பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் கற்றுக்கொடுக்கிறது என்பதற்கும் இதுவே சாட்சி. அதனால்தான் அறுவை மருத்துவர்கள் அந்நாளிலேயே ஊர் ஊராகப் போனார்கள். மூளை அறுவையில் பின்னாளில் பெயர்பெற்ற ஹார்வி குஷிங் 1900இல் பெர்னுக்குப் போய்க் கோஹரிடம் மாதக்கணக்கில் இருந்தார். இன்றைய மருத்துவ மாநாடுகளில் விருந்தும் தோள்பையும் கொஞ்சம் அதிகம் என்று குறைபட நியாயம் உண்டு. ஆனால் காபி வரிசையில் நிற்கும்போது ஒருவர் இன்னொருவரிடம் ‘உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா’ என்று கேட்பதற்கு எந்த நிகழ்ச்சிநிரலும் ஈடாகாது.

கேட்கவும் ஒரு பொதுப்பேச்சு வேண்டும். ஒருவர் ‘மேல்கழுத்து நெறி’ என்று சொல்வதை இன்னொருவர் தாடைக்கு அடியில் என்று புரிந்துகொண்டால் கணக்கு கெட்டது. அதற்காகவே கழுத்தை நிலம் அளப்பதுபோல அளந்து எண் கொடுத்தார்கள்: தாடைக்கு அடியில் லெவல் ஒன்று, பெரிய சிரையை ஒட்டி மேலிருந்து கீழாக இரண்டு, மூன்று, நான்கு, பின்கழுத்தில் ஐந்து, முன்கழுத்து நடுவில் ஆறு. சென்னை ஆபரேஷன் தியேட்டரில் ‘லெவல் டூ’ என்றாலும் மிலானில் சொன்னாலும் அதே இரண்டு அங்குலம். சிறிய விஷயம்தான், ஆனால் இது இல்லாமல் ஊர்களைச் சேர்த்துக் கணக்குப் போட முடியாது.

கணக்கில் தீர்ந்த வழக்குகளில் ஒன்று நம் நாட்டில் தீர்ந்தது. வாய்ப் புற்று சிறியதாக இருக்கிறது. கழுத்தில் நெறி எதுவும் தட்டுப்படவில்லை. வாயில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருக்கலாமா, நெறி தெரிந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமா? அல்லது முதலிலேயே கழுத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட வேண்டுமா? நல்ல கழுத்தை எதற்காக வெட்டுவது என்பது ஒரு கட்சி. தெரியும்வரை காத்திருந்தால் தாமதம் என்பது மறு கட்சி. அரை நூற்றாண்டாக இரண்டு பக்கமும் பெரிய பெயர்கள்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டி'குரூஸ் தலைமையில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். புகையிலையும் பாக்கும் நம்மிடம் உண்டாக்கும் வாய்ப் புற்றுநோயாளிகளின் எண்ணிக்கை, சோகமானதுதான், அங்கே இதைச் சாத்தியமாக்கியது. யாருக்கு எந்த வழி என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் முறை தீர்மானித்தது. 2015இல் வெளியான முடிவில் 500 பேரின் கணக்கு இருந்தது. முதலிலேயே கழுத்தையும் சுத்தம் செய்தவர்களில் மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தோர் 80 விழுக்காடு, காத்திருந்தவர்களில் 67.5. அதாவது எட்டுப் பேருக்கு முன்கூட்டியே செய்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தங்குகிறது. காத்திருக்கச் சொன்ன மருத்துவர்கள் யாரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். ஆண்டுக்கு இருபது முப்பது நோயாளிகளைப் பார்ப்பவரின் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, எவ்வளவு கூர்மையான கண்ணாக இருந்தாலும்.

புற்றுநோய் மருத்துவமனைகளில் வாரத்தில் ஒருநாள் ‘டியூமர் போர்டு’ கூடுவது இதனால்தான். அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்து கொடுப்பவர், ஸ்கேன் படிப்பவர், சதைத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்ப்பவர் எல்லோரும் ஒரே அறையில். சில இடங்களில் பேச்சுப் பயிற்சி தருபவரும் பல் மருத்துவரும் உண்டு. கதவுக்கு வெளியே காத்திருக்கும் நோயாளிக்கு, இத்தனை பேர் கூடிப் பேசும் அளவுக்கு நமக்கு என்னவோ என்று வயிறு கலங்கும். உண்மையில் அவர் பயப்பட வேண்டியது ஒரே ஒருவர் மட்டும் முடிவெடுக்கும் இடத்தில்தான்.

தைராய்டு அறுவையில் இன்று சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. சுரப்பை மாத்திரையாகக் கொடுக்க முடிவதால், தேவைப்பட்டால் முழுச் சுரப்பியையும் எடுக்கத் தயக்கமில்லை. அந்த நாலு பருப்புகளைக் காப்பாற்றுவதுதான் இன்றும் சங்கடம். கொழுப்பு எது, நெறி எது, பாரா தைராய்டு எது என்று அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த அனிதா மகாதேவன் ஜான்சனின் குழு, அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து இதற்கு ஒளியால் வழி தேடியது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கழுத்தின் உள்ளே பாய்ச்சினார்கள். எந்தச் சாயமும் ஏற்றாமலே, சுற்றியிருந்த எல்லாவற்றையும்விட பாரா தைராய்டு கூடுதலாக ஒளிர்ந்தது. 2011இல் இதை வெளியிட்டார்கள். 2018இல் இதற்கான கருவிகளுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

அறுவையின் நடுவே விளக்குகளை அணைத்துவிட்டுத் திரையைப் பார்க்கிறார்கள். சாம்பல் நிறக் கழுத்துக்குள் இரண்டு மூன்று வெண்புள்ளிகள் மின்னுகின்றன. அவற்றுக்குள் ஒளிரும் பொருள் எது என்பது மட்டும் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை.